ஒற்றைக் காலுக்கு இடம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றும் கோபித்துக்கொள்ள ஆள் இருக்கும் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஓர் அரசர் இருந்தார். அவர் தம் மைத்துனர் ஆளும் நாட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே ஊர் மக்கள் பொழுது போக்குவதற்கென்றே ஒரு மன்றம் கட்டியிருந்தார்கள். ஊஞ்சல் இருந்தது, சொக்கட்டான் ஆடத் தளம் இருந்தது, பாட்டுக் கேட்க மேடை இருந்தது. அதைச் சுற்றிக் காட்டிய மைத்துனர், "உங்கள் ஊரில் ஜனங்கள் சாயங்காலத்தில் என்ன செய்கிறார்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார். அரசருக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் நெஞ்சில் தைத்தது.

மறுநாள் அவை கூடியதும் அரசர் சொன்னார்: "நம் மக்களும் களிக்க வேண்டும். அவர்களுக்காக ஒரு களிமன்றம் எழுப்பப்போகிறேன். என் பிறந்த நட்சத்திரத்தன்று அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்ட வேண்டும். இடம் எங்கே இருக்கிறது?"

பிரதானி அனந்தராயர் எழுந்தார். "குளத்தங்கரைப் பொட்டல் சும்மா கிடக்கிறது, அரசே."

பொட்டல் சும்மா கிடக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் நெசவாளர் தெரு முழுக்க அங்கேதான் இருக்கும். ஆண்கள் சடுகுடு ஆடுவார்கள். பெண்கள் ஒரு மூலையில் கும்மி அடிப்பார்கள். பிள்ளைகள் புழுதியில் புரளும். ஆனால் அவையில் இருந்த பெரிய மனிதர் யாரும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போனதில்லை.

உடனே அவையோர் ஒவ்வொருவராகத் தங்கள் விருப்பத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். சேனாபதிக்கு யானைமேல் வந்து இறங்குவதுதான் வழக்கம். அதனால் இரண்டு யானை நிற்கக் கொட்டில் கேட்டார். ராஜகுரு யாகசாலை கேட்டார். ஜனங்கள் ஒழுங்காகக் களிக்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்கத் தமக்கு ஒரு மாளிகை வேண்டும் என்றார் பிரதானி. அரசர் தம் சிலையையும், அதைச் சுற்றி ஒரு தாமரைத் தடாகத்தையும் கேட்டார்.

அந்த அவையில் இடும்பன் என்றொரு விகடகவி இருந்தான். நெசவாளர் தெருவில் பிறந்தவன். வாய்ச் சாமர்த்தியத்தால் அரண்மனைக்கு வந்தவன். எந்தக் காரியத்திலும் அரசர் முதலில் அவன் முகத்தைத்தான் பார்ப்பார். பிரதானிக்கு இது வெகுநாளாகப் பொறுக்கவில்லை.

"அரசே, ஜனங்களின் மனம் அறிந்தவர் இடும்பன்தான்," என்றார் பிரதானி. "வரைபடத்தை அவரே போடட்டும். அவையோர் கேட்டதில் ஒன்றும் குறையக் கூடாது. ஊராருக்கும் இடம் இருக்க வேண்டும். பொட்டலுக்கு வெளியே ஒரு சாண் நிலமும் எடுக்கக் கூடாது. முடியாவிட்டால் அவர் இந்த நாட்டில் இருந்து என்ன பயன்?"

அரசருக்கு இந்த நிபந்தனை வேடிக்கையாக இருந்தது. "அப்படியே ஆகட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போ, இடும்பா," என்றார்.

இடும்பன் கயிறு எடுத்துக்கொண்டு பொட்டலை அளக்கப் போனான். அங்கே சென்னப்பன் காலில் அப்பியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். தெருவிலேயே அவனைப்போலச் சடுகுடு பாடிப் போகிறவன் கிடையாது. ஒரே மூச்சில் உள்ளே போய் நாலு பேரைத் தொட்டுவிட்டு வருவான். பகல் முழுதும் தறிக்குழியில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிற மனிதன், பொட்டலுக்கு வந்தால்தான் நிமிர்வான்.

"இங்கே ஜனங்களுக்கு மன்றம் வரப்போகுது, சென்னப்பா. உங்களுக்கெல்லாம் என்ன வேணும்?" என்று இடும்பன் கேட்டான்.

சென்னப்பன் யோசித்தான். "ஒரு தண்ணித் தொட்டி இருந்தா நல்லாருக்கும். வேற என்னண்ணே? இருக்கறத எடுக்காம இருந்தாச் சரி."

இடும்பன் மூன்று நாள் அளந்தான். யானைக் கொட்டிலை ஒதுக்கினான், யாகசாலையை ஒதுக்கினான், மாளிகைக்கு இடம் விட்டான், தடாகத்துக்கு வட்டம் போட்டான். பல்லக்கு நிறுத்த, குதிரை கட்ட, காவலர் தங்க என்று எல்லாவற்றுக்கும் போக மிஞ்சியதைப் பார்த்தான். பிறகு சென்னப்பன் வீட்டுக்குப் போனான்.

"அரசர் கண்ணால பாத்தாத்தான் அவருக்கு உறைக்கும். மிச்ச இடத்துல ஒரு ஆளை நிறுத்திக் காட்டணும். நீ வந்து நிப்பியா?"

"எதுக்குண்ணே நான்? நீங்களே நில்லுங்களேன்."

"நான் நின்னா இவன் இன்னைக்கும் கூத்தாடறான்னு நினைப்பாரு. ஊர்க்காரன் ஒருத்தன் நிக்கணும். பொட்டலு போயிடும், சென்னப்பா."

பாவு நூலைச் சரிசெய்துகொண்டிருந்த அவன் மனைவி நாகி நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். சென்னப்பன் சரி என்றான்.

குறித்த நாளில் அரசர் பரிவாரத்தோடு பொட்டலுக்கு வந்தார். ஊர் திரண்டு கரைமேல் நின்றது. இடும்பன் மன்றத்தை ஓலையில் வரையவில்லை. பொட்டலிலேயே அளவு பிசகாமல் சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தான். ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அரசரை நடத்திக்கொண்டு போனான். சேனாபதி தம் கொட்டிலை எட்டு வைத்து அளந்து பார்த்தார். பிரதானி தம் மாளிகைக்கு வாசல் கிழக்கே இருந்தால் நல்லது என்றார். அவையோர் கேட்டது ஒன்றும் குறையவில்லை.

"எல்லாம் இருக்கிறது. ஊரார் களிக்க விட்ட இடம் எங்கே?" என்று அரசர் கேட்டார்.

"அதோ, அரசே."

யானைக் கொட்டிலுக்கும் குதிரை லாயத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லாத சதுரம். அதில் சென்னப்பன் வெறும் வேட்டியோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். அரசர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கும் வரை அவன் அப்படியே நின்றிருந்தான். வியர்வை முதுகில் வழிந்தது. கால் நடுங்கியது.

"இவன் ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறான்?"

"ஒரு பாதம் வைக்கத்தான் மிச்சம் இருக்கிறது, அரசே. மற்றதை ஊன்றினால் சேனாபதியின் யானை மிதித்துவிடும்."

சேனாபதி, "கொக்கு மாதிரி நிற்கிறானே," என்றார். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் அவையோர் சிரித்தார்கள். கரைமேல் நின்ற ஊராரும் சிரித்தார்கள். சென்னப்பன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். நாகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிப் போய்விட்டாள்.

அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது கோடுகளை அழிக்கச் சொல்வார் என்று இடும்பன் காத்திருந்தான். அரசரோ, "பாவம். ஊராருக்கு இரண்டு காலும் வைக்க இடம் விடுங்கள். மற்றதெல்லாம் இப்படியே இருக்கட்டும்," என்றார்.

பிரதானி தலைகுனிந்து புன்னகை செய்தார். இதற்காகவா ஒரு மனிதனை இப்படி நிறுத்தினோம் என்று இடும்பனுக்கு மனம் குமைந்தது. ஆனாலும் வாய் அவனைக் கைவிடவில்லை.

"தங்கள் கருணையை ஆணையாக எழுதித் தர வேண்டும், அரசே. 'ஊராரில் ஒருவரையும் விடாமல், அவரவர் இரண்டு காலும் வைக்கப் பொட்டலில் இடம் விட்ட பிறகே கடைக்கால் தோண்ட வேண்டும்.' இவ்வளவு போதும்."

அரசர் சிரித்த களைப்பில் கையசைத்தார். எழுத்தர் எழுதினார். முத்திரை விழுந்தது. பிரதானி அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

கடைக்கால் தோண்டும் நாள் வந்தது. மண்வெட்டிக்காரர்கள் விடிந்ததும் வந்து பார்த்தால், பொட்டலில் மண் தெரியவில்லை. ஊர் முழுதும் வந்து நின்றிருந்தது. கைக்குழந்தையைக்கூடத் தாய்மார் கீழே இறக்கி இரண்டு காலையும் ஊன்ற வைத்திருந்தார்கள். தோள்மேல் தோள் இடிக்க நின்றவர்களுக்கு நடுவே ஒரு மண்வெட்டியை ஓங்கவும் வழியில்லை.

பிரதானி காவலரைக் கூப்பிட்டார். இடும்பன் ஆணை ஓலையை உயர்த்திப் பிடித்தான். "அரச முத்திரை, பிரதானியாரே. இவர்கள் ஆணைப்படி நிற்கிறார்கள். எல்லாருக்கும் இடம் விட்டபின் மிச்சம் இருந்தால் தாராளமாகத் தோண்டலாம்."

உச்சி வெயிலில் அரசர் வந்தார். ஓலையை வாங்கி இரண்டு முறை படித்தார். முகம் இறுகியது. பிறகு அவருடைய உதடு கோணியது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"என் கையாலேயே என்னைக் கட்டிவிட்டான். ஆணை ஆணைதான். ஆனால் மைத்துனருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது, மன்றம் கட்டாமல் முடியாது. அனந்தராயரே, உமது மாந்தோப்பு எவ்வளவு பெரிது?"

பிரதானிக்கு முகம் சுருங்கியது. "இந்தப் பொட்டல் அளவு இருக்கும், அரசே."

"அங்கே கட்டுங்கள்."

அப்படியே மாந்தோப்பை வெட்டிக் களிமன்றம் கட்டினார்கள். சேனாபதியின் யானைகள் அங்கே நின்றன. தடாகத்தில் தாமரை பூத்தது. ஊரார் உள்ளே போனால் தரை அழுக்காகும் என்று வாசலில் காவல் போட்டார்கள். மைத்துனர் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்.

அரசர் சிரித்தார், இடும்பனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார் என்றுதான் கதை சொல்கிறவர்கள் முடிப்பார்கள். அது நடந்ததுதான். அரசர் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் கொக்கு நின்ற கதையைச் சொல்லி, இடும்பனைத் தட்டிக்கொடுத்தார்.

பொட்டலில் பழையபடி சடுகுடு நடந்தது. சென்னப்பன் மட்டும் வருவதை நிறுத்திவிட்டான். முதல் இரண்டு நாள் வந்தான். அவன் பாடிக்கொண்டு உள்ளே போனபோது, எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒருவன் ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டினான். சென்னப்பனுக்கு மூச்சு அறுந்தது. அதன்பின் தெருவில் அவனுக்குக் கொக்கு என்றே பெயர் நின்றுவிட்டது.

இடும்பன் அவன் வீட்டுக்குப் போய்ச் சால்வையைத் தறிமேல் வைத்தான். "இது உனக்குச் சேர வேண்டியது, சென்னப்பா. உன்னாலதான் பொட்டலு தப்பிச்சுது."

சென்னப்பன் தறியில் ஓடிய நாடாவை நிறுத்தவில்லை. "எடுத்துட்டுப் போங்கண்ணே."

"ஊர்க்காரங்க அறியாம சிரிக்கிறாங்க. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"நீங்க நின்னிருந்தா அது வேடிக்கை. உங்க தொழில் அது. சாயங்காலம் வேஷத்தைக் கலைச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க." சென்னப்பன் ஓர் இழையை முடிந்தான். "எம் பொண்ணு என்னோட தெருவுல நடக்க மாட்டேங்குதுண்ணே."

நாகி சால்வையை எடுத்து, மடிப்புக் கலையாமல் இடும்பன் கையில் கொடுத்தாள்.