கஜபதியின் பச்சை பெல்ட்

விமானப் பயிற்சிக் கழகத் தலைவர் கஜபதிக்கு எதையாவது குறைத்தால்தான் தூக்கம் வரும். புதிதாக வந்த குட்டி விமானத்தில் பெட்ரோல் என்ஜினோடு, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் இருந்தது. பறக்கும்போது என்ஜின் நின்றுபோனால், மோட்டார் விசிறியைச் சுழற்றிப் பத்திரமாகத் தரையில் சேர்த்துவிடும்.

“நல்லா ஓடுற என்ஜின் இருக்கும்போது மோட்டார் எதுக்கு? வெட்டிச் சுமை! கழட்டிட்டு இன்னொரு ஆளை ஏத்துங்க” என்றார்.

பைலட்டுகள் தலையாட்டினார்கள். விமானம் கழுவும் தில்லைக்கரசி மட்டும், “வேண்டாங்கய்யா” என்றாள்.

“ஓஹோ! விமானத்தைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசாம, ஏன் வேண்டாம்னு எனக்குப் புரியவை, பார்ப்போம். முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

தில்லைக்கரசி அவர் இடுப்பைப் பார்த்தாள்.

“வேட்டியை இறுக்கித்தானே கட்டியிருக்கீங்க? அதுக்கு மேல அந்தப் பச்சை பெல்ட் எதுக்குங்கய்யா? வெட்டிச் சுமை. கழட்டிக் குடுங்க.”

கஜபதியின் இரண்டு கைகளும் பெல்ட்டுக்குப் பாய்ந்தன. “ஏய்! கட்டு அவிழ்ந்தா என் மானம் என்னாகுறது?”

“தரையில நிக்கிற மானத்துக்கே ரெண்டு காவல். ஆகாயத்துல போற உசுருக்கு ஒண்ணு போதுமாங்கய்யா?”

விமானக் கொட்டகையே அதிரும்படி எல்லாரும் சிரித்தார்கள்.

“மோட்டார் இருக்கட்டும்” என்றார் கஜபதி, பெல்ட்டிலிருந்து கையை எடுக்காமலே.