ஒன்றரைக் கணக்கு

கேளுங்கள். மலைக்கு இந்தப் பக்கம் மழை குறைவாகவும் பட்டங்கள் அதிகமாகவும் இருந்த ஒரு காலத்தில், விறலூர் என்றொரு நாடு இருந்தது. பெருஞ்சாத்தன் என்ற அரசர் அதை ஆண்டார். அவருடைய சபையில் துலாநம்பி என்ற கணக்காயர் இருந்தார்.

துலாநம்பிக்குத் தெரியாத கணக்கு இல்லை. குளத்தில் எத்தனை குடம் தண்ணீர் என்று கேட்டால் குளத்தைப் பார்க்காமலே சொல்வார். சொன்னது சரியா என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. ஆகவே அவர் ஒருநாளும் தப்பு செய்ததில்லை.

விறலூருக்குத் தண்ணீர் தருவது எல்லையில் இருந்த பேரேரி. அதன் மதகு பக்கத்து நாட்டின் காவலில் இருந்தது. முன்னோர் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று உண்டு. மார்கழி மாதம் கடைசி நாள் பொழுது சாய்வதற்குள் விறலூர் அரசராவது, அவருடைய முத்திரை மோதிரமாவது ஏரிக்கரைக்கு வந்து சேர வேண்டும். வந்தால் மதகு திறக்கும். வராவிட்டால் அந்த ஆண்டு முழுக்கத் திறக்காது.

அந்த வருஷம் வானம் ஏமாற்றிவிட்டது. ஏரியை நம்பிய மூன்று ஊர்களிலும் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்துக் கிடந்தது. அந்த ஊர்களுக்கெல்லாம் மடை திறந்து நீர் பாய்ச்சுகிறவள் கொற்றி என்ற பெண். கடைசி நாளுக்கு முந்தைய நாளே புறப்பட்டுவிடலாம் என்று கெஞ்ச அவள் அரண்மனைக்கு வந்தாள்.

துலாநம்பி சிரித்தார். ஏரிக்கு முப்பது கல் தூரம், பகலுக்கு முப்பது நாழிகை, நாழிகைக்கு ஒரு கல் போனால் போதும் என்றார். முன்னாலேயே போய்ச் சேர்ந்தால் அரசர் காத்திருக்க வேண்டிவரும், அரசர் காத்திருப்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். சபை தலையாட்டியது. அரசர் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். அந்த மாலையின் கனம் துலாநம்பிக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடைசி நாள் சூரியன் எழும்போது பல்லக்கு புறப்பட்டது. முன்னால் முரசு, பின்னால் கொம்பு, நடுவில் குடை. முரசடிப்பவன் அடித்து முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைக்கலாம் என்று ஒரு முறை இருந்தது. கொற்றி ஊர்வலத்தின் ஓரமாக நடந்து வந்தாள். அவள் முரசுக்குக் காத்திராமல் நடந்தாள். ஆகவே ஊர்வலம் வந்து சேரும்வரை அடிக்கடி நிற்க வேண்டியிருந்தது.

ஐந்தாம் கல்லில் ஒரு தோரணம் கட்டியிருந்தார்கள். புலவர் ஒருவர் அரசரை மழைக்கு ஒப்பிட்டு நூறு பாட்டுப் பாடினார். பாடி முடித்தபோது பத்து நாழிகை போயிருந்தது.

கொற்றி துலாநம்பியிடம் வந்தாள். இன்னும் இருபத்தைந்து கல் இருக்கிறது, நாழிகை இருபதுதான் இருக்கிறது என்றாள்.

துலாநம்பி குனிந்து மணலில் விரலால் எழுதினார். இதுவரை நாழிகைக்கு அரைக் கல் வந்திருக்கிறோம். இனி நாழிகைக்கு ஒன்றரைக் கல் போவோம். அரையும் ஒன்றரையும் இரண்டு. இரண்டில் பாதி ஒன்று. நமக்கு வேண்டியதும் ஒன்றுதானே என்றார். சுற்றி நின்றவர்கள் வியந்தார்கள். அந்த நேரத்தில் அந்த வேகத்தில் போயிருந்தால் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தும் இருப்பார்கள். ஆனால் விடை கிடைத்த நிம்மதியில் எல்லாரும் பழையபடியே நடந்தார்கள்.

பத்தாம் கல்லில் சாப்பாடு. பதினெட்டு வகைக் கறி. அரசர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு வாங்கினார். வெற்றிலை போட்டு முடித்தபோது இருபது நாழிகை போயிருந்தது.

கொற்றி மறுபடியும் வந்தாள். துலாநம்பி அவளைப் பார்த்ததுமே மணலைத் தேடினார். இதுவரை அரை, இனி ஒன்றரை, கூட்டினால் இரண்டு, பாதி ஒன்று. அதே விடை வந்ததில் அவருக்கு ஆனந்தம். உண்மையான விடை மாறவே மாறாது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டார்.

கொற்றி மணலைப் பார்க்கவில்லை. சூரியனைப் பார்த்தாள், வழியைப் பார்த்தாள், பிறகு நேரே பல்லக்கின் முன்னால் போய் நின்றாள்.

"அரசே, இருபது கல் இருக்கிறது, பத்து நாழிகை இருக்கிறது. இந்த ஊர்வலத்தால் ஆகாது. ஒரு குதிரையால் ஆகும். நீங்கள் ஏறுங்கள். இல்லாவிட்டால் மோதிரத்தை என்னிடம் கொடுங்கள்."

சபை முணுமுணுத்தது. குடையும் முரசும் இல்லாமல் அரசர் தனியே குதிரையில் போவதாவது. மடை திறக்கிற பெண்ணின் கையில் அரச முத்திரையாவது. பெருஞ்சாத்தன் சாப்பாட்டு மயக்கத்தோடு துலாநம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

துலாநம்பிக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. தன் கணக்கை ஒருத்தி அரசர் முன்னால் சந்தேகிக்கிறாள். கொடுக்கக்கூடாது என்றால் தனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும்.

"கொடுங்கள், அரசே. இவள் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேரும்போது, நாமும் மாலை வாடாமல் போய்ச் சேர்வோம். வழிக்கு ஒரு வேடிக்கை" என்றார்.

அரசருக்கு வேடிக்கை பிடிக்கும். மோதிரத்தைக் கழற்றி அவள் முந்தானையில் போட்டார். கொற்றி சமையல்காரர்களின் மட்டக்குதிரையிடம் போனாள். அதன் முதுகில் இருந்த நெய்க்குடங்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள், ஏறினாள், போனாள். குதிரைக்கு மணலில் எழுதத் தெரியாது. அது ஓடியது.

பதினைந்தாம் கல்லில் அரசருக்கு வெயில் உறைக்கவில்லை என்று குடையை மாற்றினார்கள். வெள்ளைக் குடை போய் மஞ்சள் குடை வந்தது. வெயில் ஏன் உறைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சூரியன் பனைகளின் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

பாதி வழி வந்தாயிற்றே, மீதியை எந்த வேகத்தில் போகவேண்டும் என்று அரசர் கேட்டார்.

துலாநம்பி குனிந்தார். இதுவரை அரை. இனி ஒன்றரை. கூட்டினால் இரண்டு. பாதி ஒன்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒன்றரையை எந்த நாழிகையில் நடப்பது என்று அவருக்கு முதல் முறையாக ஒரு எண்ணம் வந்தது. முப்பதில் முப்பதைக் கழித்தார். விரல் மணலிலேயே நின்றது. மறுபடியும் கழித்தார். மூன்றாம் முறையும் கழித்தார். பறந்தாலும் ஆகாது, காற்றாகப் போனாலும் ஆகாது. முழு வழிக்கான நேரத்தையும் பாதி வழியிலேயே தின்று தீர்த்திருந்தார்கள்.

"என்ன நம்பி, எவ்வளவு?" என்றார் அரசர்.

"ஒன்றரை, அரசே" என்றார் துலாநம்பி. சொல்லும்போது அவருக்கே தன் குரல் கேட்கவில்லை.

அங்கேயே கூடாரம் அடித்துத் தங்கினார்கள். மறுநாள் உச்சிப் பொழுதுக்குமேல் ஒரு பள்ளத்தில் பல்லக்கு நின்றுவிட்டது. வழியின் குறுக்கே முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வயல்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தன. நடுவில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள் கொற்றி.

வரப்பில் ஏறி வந்து மோதிரத்தைத் துடைத்து அரசரிடம் நீட்டினாள். சூரியனின் விளிம்பு கரையைத் தொடும்போது தான் போய்ச் சேர்ந்ததாகவும், காவலர் மோதிரத்தைப் பார்த்துவிட்டு மதகைத் திறந்ததாகவும் சொன்னாள். துலாநம்பியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளுக்கு இன்னும் நாலு மடை பாக்கி இருந்தது. துலாநம்பி எதிர்பார்த்த ஏளனத்தைவிட அந்தப் பாராமுகம் அதிகமாகச் சுட்டது.

அரசருக்குக் குழப்பம். இருபது கல்லை அவள் பத்து நாழிகையில் கடந்தாள். மீதி வழியை நாம் ஏன் நேரத்தோடு கடக்க முடியவில்லை, கணக்கு சரிதானே என்று கேட்டார்.

துலாநம்பி மணலைத் தேடினார். எங்கும் தண்ணீர். கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அரசே, அவள் புறப்பட்டபோது பத்து நாழிகை கையில் இருந்தது. நீங்கள் என்னைக் கேட்டபோது ஒன்றும் இல்லை. நேற்று நான் அதைச் சொல்லவில்லை. மடிந்திருக்க வேண்டிய மூன்று ஊர்ப் பயிரை அவள் காப்பாற்றினாள், நானில்லை."

அரசர் தாடியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு, அவ்வளவு பெரிய கணக்காயர் பகலை இன்னும் பத்து நாழிகை நீளமாகப் போட்டிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். சபையும் வருத்தப்பட்டது. முரசு முழங்கியது, பல்லக்கு வந்த வேகத்திலேயே அரண்மனைக்குத் திரும்பியது.

துலாநம்பி மட்டும் திரும்பவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். எந்த மடையை முதலில் திறக்கவேண்டும் என்று கொற்றியிடம் கேட்டார். அவள் கையால் காட்டினாள். அவர் முதலில் சூரியன் எங்கே நிற்கிறது என்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு நடந்தார், கொஞ்சம் வேகமாகவே.

ஆகவே கேட்டவர்களே, வீணாய்க் கழித்த நேரத்தை எந்த வேகத்தாலும் திரும்ப வாங்க முடியாது. மிச்சம் இருக்கும்போதே எழுந்து போகிறவரே போய்ச் சேருவார்.