பெட்டியில் வந்த வண்டி

வெள்ளிக்கிழமை காலை மடத்து வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து பெரிய மரப்பெட்டி ஒன்றை இறக்கினார்கள். பின்னாலேயே வைரவன் செட்டியார் காரில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

செட்டியாருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. மடத்துச் சாமி அவரைவிட எவ்வளவோ இளையவர். ஆனாலும் சாமி வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் செட்டியார் எதையும் தொடங்கமாட்டார். சீனாவிலிருந்து மோட்டார் சைக்கிள் இறக்கி விற்கும் துணிச்சலே சாமி கொடுத்ததுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

"உங்க புண்ணியத்துல தொழில் நல்லா இருக்கு சாமி. முதல் பெட்டி உங்களுக்குக் காணிக்கை."

"உள்ளே என்ன?"

"வண்டிதான். இனிமே கடை வச்சு விக்கப்போறதில்லை. ஆர்டர் போட்டா பெட்டியில போட்டு வீட்டுக்கே பார்சல். வாங்கறவங்களே பாகங்களைப் பூட்டி ஓட்டிக்கலாம், படம் போட்ட தாள் உள்ளேயே இருக்கு. நடுவுல கடைக்காரர் எதுக்கு? நாளைக்குக் கடைக்காரங்களை வரச்சொல்லியிருக்கேன். எல்லாரையும் கடையை மூடச் சொல்லணும். நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

சாமி பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"பூட்டிப் பார்த்துடுவோமா?"

செட்டியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். சாமி தாளைப் பிடித்துக்கொண்டார். தாளில் படம் இருந்தது. எழுத்து முழுக்கச் சீனம். முன்சக்கரம் ஏறியது. ஹேண்டில்பார் முதலில் கோணலாக ஏறி, பிறகு நேரானது. செட்டியாருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் உற்சாகம் குறையவில்லை.

"மணி என்ன சாமி? பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்குள்ள பூசை போட்டாகணும்."

அவ்வளவுதான், ஸ்பேனர் ஒரு பக்கம் போனது. சந்தனம் வந்தது, குங்குமம் வந்தது, மாலை வந்தது. சூடம் காட்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டியை முன்னே தள்ளிப் பழத்தை நசுக்கியதும் செட்டியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெட்ரோலும் ஊற்றியாயிற்று.

சாமி காவி வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மிதித்தார். வண்டி நல்லபிள்ளையாக உறுமியது.

அப்போதுதான் செட்டியார் கண்ணில் அது பட்டது. கீழே விரித்திருந்த பேப்பரில் ஒரு போல்ட்டும் இரண்டு நட்டும் மிச்சம் கிடந்தன. அவர் பாய்ந்து போய் வண்டியின் பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இறங்குங்க சாமி."

"ஏன்?"

"ஏதோ பூட்டாம விட்டிருக்கேன்."

"எதை?"

"தெரியலை. பிரேக்கா இருந்தாலும் இருக்கும்."

"பூசைதான் போட்டாச்சே. ஒரு சுற்று போயிட்டு வந்துடறேன்."

"கையை எடுக்கமாட்டேன் சாமி. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

சாமி வண்டியை அணைத்தார். இறங்கவில்லை.

"சரி, யாரைக் கேட்கலாம்?"

"சவரிமுத்துவை."

யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு செட்டியாருக்கு முகம் வாடிப்போயிற்று. சவரிமுத்து இளையான்குடியில் அவருடைய வண்டிகளைப் பூட்டி விற்கிற கடைக்காரர். நாளை மூடச் சொல்லவிருந்த கடைகளில் அவர் கடையும் ஒன்று.

"யார் அவர்?" என்றார் சாமி.

"முதல் லோடு வந்தப்ப ஒருத்தரும் கிட்ட வரலை சாமி. சீனச் சாமான், ரெண்டே மாசத்துல உதிர்ந்துரும்னு சிரிச்சாங்க. சவரிமுத்துதான், 'வாங்கிட்டுப் போங்க, எதுன்னாலும் நான் இருக்கேன்'னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னார். ஊர் அவர் முகத்துக்குத்தான் வாங்குச்சு. நான் இன்னிக்குச் சாப்பிடற சோறு அவர் போட்டது. நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை."

போனை எடுத்தார். சவரிமுத்து உடனே எடுத்தார். செட்டியார் நடந்ததைச் சொன்னார்.

"முதலாளி, என்னை நினைச்சுக் கூப்பிட்டீங்களே, சந்தோஷம். அடுத்த பஸ்ஸுக்கே வந்துடறேன். அதுவரைக்கும் சாமியை வண்டியை எடுக்க விடாதீங்க."

போனை வைத்த செட்டியார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு வரப்போகிறவர் இன்றைக்கே வருகிறார்.

"கடை எதையும் மூடலை சாமி. இந்தப் பார்சல் வேலையையே விட்டுடறேன்."

"ஏன் விடணும்? எந்த ஊர்க்காரர் வேணும்னாலும் ஆர்டர் போடட்டும். பெட்டி சவரிமுத்து மாதிரி ஆள் கடையில போய் இறங்கட்டும், அவங்க பூட்டிக் கொடுக்கட்டும்."

செட்டியார் தலையாட்டினார்.

"அவர் வந்ததும் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுவேன் சாமி?"

சாமி வண்டியிலிருந்து இறங்கினார்.

"பேச வேண்டாம். வர்றவர் பசியோட வருவார். இலை நறுக்கிக் கொண்டாங்க. நீங்களே பரிமாறுங்க."