சொட்டாத கசிவு

"மேல குகையில நான் தனியா இருந்துக்கிடுதேம்மா. உத்தரவு குடுங்க."

மாசிலாமணி அந்த மலையடிவார மடத்துக்கு வந்த நாளிலிருந்து தினமும் காலையில் இதைத்தான் கேட்டார். ஆயுள் முழுக்க லோடு வண்டி ஓட்டியவர், அறுபதைத் தாண்டியவர். மடத்தை நடத்திய உலகம்மைக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் குரு குருதானே, வாய் நிறைய அம்மா என்றே கூப்பிடுவார்.

உலகம்மை அதுவரைக்கும் பதில் சொன்னதில்லை. அன்றைக்குக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"தனியா இருந்துருவீங்களா அண்ணாச்சி?"

"எனக்கு யாரும் வேண்டாம்மா. எல்லாத்தையும் நானே பாத்துக்கிடுவேன்."

அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே மடத்தின் பழைய பிக்கப் வண்டி நின்றது. குகைக்கு அரிசியும் தண்ணீரும் ஏற்றிப் போகிற வண்டி.

"ஏத்தத்துல நின்னு நின்னு போகுது. அதைச் சரி பண்ணிட்டுக் குகைச் சாவியை வாங்கிக்கிடுங்க."

மாசிலாமணிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வேதாந்தம் ஏதாவது கேட்டு மாட்டிவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்த மனுஷனுக்கு வண்டியைக் காட்டினால் கசக்குமா?

ஓட்டிப் பார்த்தார். முதல் ஏற்றத்திலேயே எஞ்சின் இருமியது, திணறியது, நின்றது. இறங்கி, டீசலை ஏற்றுகிற கைப் பம்பை அடித்தார். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

ஏர் எடுக்கிறது, டீசலோடு காற்றும் சேர்ந்து போகிறது. அது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. டேங்கிலிருந்து எஞ்சினுக்கு டீசல் வருகிற குழாயில் எங்கேயோ நூலளவு விரிசல். எங்கே என்பதுதான் பாடு. வண்டி ஓடும்போது எஞ்சின் டீசலை உறிஞ்சுகிறது. அப்போது விரிசல் டீசலை வெளியே விடாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. பார்க்கிறவர்களுக்கு வண்டி நன்றாகத்தான் இருக்கும்.

கிளிப்புகளை முறுக்கினார். குழாயை முழுக்கத் துடைத்துத் தடவிப் பார்த்தார். கைக்கு எதுவும் சிக்கவில்லை.

வழி அவருக்குத் தெரியாததில்லை. டேங்க் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, சுற்றிலும் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். உள்ளே காற்று ஏறினால் விரிசல் வழியே டீசல் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? ஒருத்தர் ஊத வேண்டும், ஒருத்தர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் ஊதுவது அவர் மனைவி வடிவு. நடுரோட்டில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊதுவாள். பிறகு டீசல் வாடைக்குக் காறித் துப்பிவிட்டு, எனக்குன்னு வாச்சீரே என்று அவரைத் திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்டுச் சில வருஷமாகிவிட்டது.

அவள் போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்ததும் மகன் இசக்கிராஜன் திருப்பூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். வீட்டுக்குள் ஆள் அரவமே இல்லை. மாசிலாமணி அவனுக்குப் போன் போட்டு, ரெண்டு நாள் வந்து கூட இருந்துட்டுப் போயேன்டா என்று கேட்டார். பார்க்கலாம்ப்பா என்றான் அவன். அன்றோடு சரி. யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது அவருக்கு.

அதனால் தானே ஊதினார். ஊதிவிட்டுத் துணியைத் திணித்துவிட்டு ஓடிப்போய் அடியில் படுத்தார். அதற்குள் காற்று இறங்கியிருந்தது. எழுந்து வந்து மறுபடி ஊதினார், மறுபடி ஓடினார். யார் பார்த்தாலும் சிரித்திருப்பார்கள்.

நீளக் குழாய் ஒன்றைத் தேடி எடுத்தார். வாயில் கவ்விக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்து ஊதினார். மேலே துணியை அழுத்திப் பிடிக்க ஆளில்லை. அது பிதுங்கி வெளியே வந்து விழுந்தது.

உலகம்மை கீரையை முடித்துவிட்டுப் பயறு பொறுக்க உட்கார்ந்தாள். கூப்பிட்டால் கேட்கிற இடம்தான். தானாக எழுந்து வந்து ஒரு கை பிடித்தால் என்ன குறைந்துவிடுவாள் என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. அவள் பயறிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவருக்கு அழுகை முட்டியது. ஒரு விரிசல் அகப்படவில்லை என்று அழுகிற வயசா இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். அழுகை நிற்கவில்லை. அது விரிசலுக்கான அழுகை இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

கடைசியில் வாயைத் திறந்தார்.

"அம்மா... கொஞ்சம் வந்து ஊதுதீங்களா?"

முறத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தாள் உலகம்மை. பயறு தரையெல்லாம் சிதறியது. துணியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, கன்னம் புடைக்க ஊதினாள்.

டேங்குக்குப் பக்கத்தில், ரப்பர் குழாயில் கிளிப்பை ஒட்டி, ஒரு துளி மெல்லத் திரண்டது. கீழே இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று திரண்டது.

"தெரியுதும்மா."

"நல்லாப் பாருங்க. இன்னும் ஊதுதேன்."

விரிசல் விட்ட முனையை வெட்டி எறிந்துவிட்டுக் குழாயை ஏற்றி மாட்டி, கிளிப்பை முறுக்கினார். குறட்டையும் திருப்புளியையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பிறகு வண்டி குகைவரை ஏறி இறங்கியது. ஓர் இடத்திலும் முக்கவில்லை.

அவர் இறங்கி வரும்போது உலகம்மை சாவியோடு நின்றாள்.

"இந்தாங்க அண்ணாச்சி. குகை உங்களுக்குத்தான்."

அவர் கை நீட்டவில்லை.

"காலையிலேருந்து இங்கனதான இருந்தேன்," என்றாள். "ஏன் கூப்பிடல?"

மாசிலாமணி கறுத்துப் போயிருந்த தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, சட்டைப் பையில போன் கிடக்கு. கை பூரா டீசல். எடுத்து எம் மவனுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க."

அவள் எடுத்துப் போட்டாள். காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"மணி அடிச்சு நின்னுட்டு அண்ணாச்சி. எடுக்கல."

"மறுபடியும் போடுங்கம்மா."