மேட்டுத் தெருவுக்குக் கிடைத்த மதிப்பெண்

ஏட்டூரில் அறிவாளிகளுக்குக் குறைவில்லை என்று ஏட்டூர்க்காரர்கள் சொல்வதுண்டு. வேறு எவரும் அப்படிச் சொன்னதாக இதுவரை செய்தி இல்லை.

அவ்வூர்க் குடிநீர் அலுவலகத்தில் இரண்டு பீரோவை ஒட்டவைத்த பருமனில் ஒரு மெயின்ஃபிரேம் கணினி இருந்தது. ஊரின் ஒவ்வொரு தெருவுக்கும் அதனுள் ஓர் அட்டவணை உண்டு. அட்டவணை உள்ள தெருவுக்கு மாலை ஐந்து மணிக்குக் குழாய் தானே திறந்துகொள்ளும். அட்டவணை இல்லாத தெருவை அது ஏறெடுத்தும் பாராது.

புதிதாகக் குழாய் பதித்த மேட்டுத் தெருவுக்கு இன்னும் அட்டவணை ஏற்படவில்லை. அந்தத் தெருவில்தான் அலுவலகத்தின் பிரிவுத் தலைவர் ஆபத்சகாயம் குடியிருந்தார். மறுநாள் காலை அவர் வீட்டு வாசற்பந்தலில் அவருடைய ஒரே மகளுக்குத் திருமணம். நானூறு பேருக்குச் சமையல். வீட்டுத் தொட்டியிலோ கை நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

அட்டவணைகளை உண்டாக்கவும் மாற்றவும் நீக்கவும் தலைமையகம் அந்த வாரம்தான் ஒரு புதிய மென்பொருளை அனுப்பியிருந்தது. கூடவே தொடக்கநிலைக் கையேடு ஒன்றும் வந்தது. ‘ஒரு பக்கத்தில் உள்ள பணி நிறைவேறும்வரை அடுத்த பக்கத்தைத் திருப்பக் கூடாது’ என்று அதன் அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். ஆபத்சகாயம் மற்றப் பக்கங்களைச் சணலால் கட்டி முடிச்சுப் போட்டார்.

முதற்பக்கம், ‘பயனர் 1 கட்டளையைத் தட்டச்சு செய்து என்டர் பொத்தானை அழுத்தவும்’ என்றது.

“பயனர் ஒண்ணுன்னா யாரு சார்?” என்று கேட்டாள் இளநிலை உதவியாளர் கோமளவல்லி.

மூத்த உதவியாளர் வேம்பையன் பணிமூப்புப் பட்டியலை எடுத்து வந்தார். “முதல் பேரு சாரோடது. ரெண்டாவது என்னோடது. நீ மூணு.”

“அப்போ தட்டறது யாரு?” என்றார் ஆபத்சகாயம்.

“தட்டறது மூணு, சரிபாக்கறது ரெண்டு, பொத்தானை அழுத்தறது ஒண்ணு. இந்த ஆபீஸ்ல எந்தக் காகிதம் வேற மாதிரி போயிருக்கு சார்?”

இந்த ஏற்பாடு மூவருக்கும் நிறைவளித்தது. ஆனால் அதற்கடுத்த வரியில் ஒரு சிக்கல் இருந்தது: ‘ஒருவர் பணி செய்கையில் பிறர் எவரும் இயந்திரத்தின் அருகில் இருக்கலாகாது.’

ஆகவே மேட்டுத் தெருவுக்கு அட்டவணை உண்டாக்கும் கட்டளையைக் கோமளவல்லி தட்டியபோது மற்ற இருவரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். பிறகு அவள் வெளியே வர, வேம்பையன் உள்ளே போய்ச் சரிபார்த்தார். அவர் வெளியே வர, ஆபத்சகாயம் உள்ளே போனார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

திரையில் ஒரு வரி தோன்றியது: ‘பணி முடிந்தது. முடிவு எண்: 0.’

அந்த மென்பொருளின் வழக்கப்படி, சுழியம் என்றால் வேலை ஒரு பழுதும் இல்லாமல் முடிந்தது என்று பொருள். எண் கூடக் கூடக் கோளாறும் கூடும். இதைக் கையேட்டின் மூன்றாம் பக்கம் தெளிவாக விளக்கியிருந்தது. மூன்றாம் பக்கம் சணலுக்குள் இருந்தது.

ஆபத்சகாயம் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

“என்ன சார் ஆச்சு?”

“முட்டை வாங்கிட்டோம் வேம்பையா.”

பள்ளிக்கூடத்தில் வேம்பையன் பூகோளத்தில் மூன்று வாங்கியிருக்கிறார். கோமளவல்லி கணக்கில் ஏழு வாங்கியிருக்கிறாள். சுழியம் என்பது அவர்கள் எவரும் கண்டிராத வீழ்ச்சி.

‘பணி நிறைவேறாவிடில் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்யவும்’ என்று முதற்பக்கத்தின் அடியில் எழுதியிருந்தது. தொடக்கம் எது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது.

“கட்டளையைத் தட்டினதுதான் தொடக்கம்” என்றாள் கோமளவல்லி.

“அதுக்கு முன்னாடி நாற்காலில உக்காந்தியே?” என்றார் வேம்பையன்.

“அதுக்கு முன்னாடி டீ குடிச்சோம்” என்றார் ஆபத்சகாயம். “அதுக்கும் முன்னாடி வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டோம். வாங்க, வெளிவாசலுக்குப் போவோம்.”

மூவரும் வெளிவாசலுக்குப் போய், காவலருக்குக் காலை வணக்கம் சொல்லி, மீண்டும் உள்ளே வந்தார்கள். கையெழுத்திட்டார்கள். தேநீர் அருந்தினார்கள். அதே கட்டளையை அதே முறையில் அனுப்பினார்கள்.

‘மேட்டுத் தெரு அட்டவணை ஏற்கெனவே உள்ளது. முடிவு எண்: 8’ என்றது இயந்திரம்.

“எட்டு” என்றார் ஆபத்சகாயம். மற்ற இருவரையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைப் பெருமையுடன் காட்டினார்.

“ஏற்கெனவே இருக்குன்னு ஏதோ எழுதியிருக்கே சார்” என்றாள் கோமளவல்லி.

“அதை விடும்மா. விடைத்தாள் வந்தா வாத்தியார் எழுதினதையா படிப்போம்? மார்க்கைத்தானே பாப்போம்?”

அதன்பின் முன்னேற்றம் விரைவாக இருந்தது. மூன்றாம் முறை கோமளவல்லி நிறுத்தற்குறி ஒன்றை வைக்க மறந்தாள், மீண்டும் எட்டு. நான்காம் முறை தெருவின் பெயரையே விட்டுவிட்டாள், பன்னிரண்டு. வேம்பையன் அவளைப் பாராட்டி, தாமும் ஒரு முறை கண்களை மூடிக்கொண்டு பத்து விரல்களையும் விசைப்பலகையில் பதித்தார். பதினாறு வந்தது. அலுவலகத்தில் அவருக்கு இத்தகைய ஆற்றல் உண்டென்று அதுவரை எவரும் அறிந்ததில்லை.

“பாஸ் மார்க் எவ்வளவு சார்?” என்று கேட்டாள் கோமளவல்லி.

“முப்பத்தஞ்சு. அதுக்குக் கொறஞ்சு தண்ணி விடமாட்டான்.”

மாலை நாலரைக்குள் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் பதினான்கு முறை வந்திருந்தார்கள். தேநீர் கொண்டுவருபவர் பால் தீர்ந்துவிட்டதென்று கைவிரித்தார். இயந்திரமோ பதினாறுக்குமேல் ஒரு மதிப்பெண்கூடத் தர மறுத்தது. ஐந்து மணிக்கு ஆபத்சகாயம் நாற்காலியில் சரிந்தார்.

“நானூறு பேரு சாப்பிட்டுட்டுக் கையை எங்கே கழுவுவாங்க வேம்பையா? சம்பந்தி வீட்டுக்காரங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“பருப்பைக் கெட்டியா வச்சா கையில ஒட்டாது சார்” என்று வேம்பையன் ஆறுதல் கூறினார்.

அப்போது தொலைபேசி ஒலித்தது. பேசியவர் ஆபத்சகாயத்தின் மனைவி குஞ்சம்மாள்.

“என்னங்க, நம்ம வாசல் குழாயில தண்ணி கொட்டுதுங்க. தொட்டியில பிடிக்கட்டுமா?”

“தொடாதே” என்றார் ஆபத்சகாயம்.

“ஏங்க?”

“அது நம்ம தண்ணி இல்ல. நாம வாங்கினது வெறும் பதினாறு. யாரோ முப்பத்தஞ்சு வாங்கின தெருவுக்குப் போக வேண்டிய தண்ணி, வழி தவறி நம்ம வாசலுக்கு வந்திருக்கு.”

“நல்லவேளை சொன்னீங்க” என்றார் குஞ்சம்மாள். “ஒரு குடம் பிடிச்சுட்டேன். திருப்பி ஊத்திடறேன்.” அவரும் ஏட்டூரில் பிறந்தவர்தான்.

மூவரும் மேட்டுத் தெருவுக்கு விரைந்தார்கள். குழாய் பெரிய சத்தத்துடன் கொட்டிக்கொண்டிருந்தது. சமையற்காரர் அண்டாக்களுடன் நெருங்க முயன்றார். வேம்பையன் இரு கைகளையும் விரித்து மறித்தார்.

“ஊரான் வீட்டுத் தண்ணியில சாம்பார் வச்சு, அதுல கல்யாணமா?” என்று கடிந்துகொண்டார். சமையற்காரர் வெட்கித் தலைகுனிந்தார்.

வேறு வழியில்லாமல் ஆபத்சகாயம் தண்ணீர் லாரிக்குச் சொல்லியனுப்பினார். ஓட்டுநர் சேவியர் வெளியூர்க்காரர். காலி லாரியுடன் முதலில் இடம் பார்க்க வந்தவர், கொட்டுகிற குழாயையும் அதைச் சுற்றிக் கவலையுடன் நின்ற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், தண்ணி கேட்டது இந்த வீட்டுக்குத்தானே?”

“ஆமாப்பா. சீக்கிரம் கொண்டாந்தா புண்ணியமாப் போகும்.”

“அப்போ இந்தத் தண்ணி?”

“இது எங்களுது இல்ல. உனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ. தெரு சேறாகாம இருக்கும்.”

சேவியர் லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். ரப்பர் குழாயை மாட்டி லாரியை விளிம்புவரை நிரப்பினார். ஆபத்சகாயம் அருகில் நின்று, ஒரு சொட்டுகூடத் தம் வீட்டுப் பக்கம் சிந்தாமல் பார்த்துக்கொண்டார். லாரி தெருமுனைவரை போயிற்று. அங்கே திரும்பிற்று. ஒலிப்பானை அடித்துக்கொண்டு மீண்டும் பந்தலின் முன் வந்து நின்றது.

“தண்ணி வந்துடுச்சு சார்” என்றார் சேவியர்.

கூட்டம் கைதட்டியது. தொட்டி நிறைந்தது, அண்டாக்கள் நிறைந்தன, குஞ்சம்மாளுக்குக் கண்களும் நிறைந்தன. ஆபத்சகாயம் ஒரு செம்பில் லாரித் தண்ணீரையும் இன்னொரு செம்பில் குழாய்த் தண்ணீரையும் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு லாரித் தண்ணீரை ஒரு மிடறு பருகி, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“பாத்தியா வேம்பையா, தண்ணின்னா இது. அந்தக் குழாய்த் தண்ணிக்கு இந்த ருசி வருமா?”