பிழியும் கை

மலையடிவாரத்தில் ஒரு மடம். மூச்சுப் பயிற்சிக்குப் பேர் போனது. எவ்வளவு நேரம் மூச்சை அடக்குகிறார் என்பதை வைத்துத்தான் அங்கே ஓர் ஆளை எடை போடுவார்கள்.

செங்கமலம் அங்கே வந்ததும் மூச்சுக்காகத்தான். மகள் மின்னியைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறினால் நெஞ்சை அடைத்தது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் குறுகிவிட்டன, அதனால் உள்ளே அழுத்தம் ஏறி, ரத்தத்தைத் தள்ள இதயம் திணறுகிறது என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

"இதைப் போட்டா தீந்துடுமா?"

"தீராது. கட்டுக்குள்ள வைக்கலாம்."

தீராத நோய்க்கு மாத்திரை ஒரு கேடா என்று வீம்பாக நிறுத்திவிட்டு, மடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

மூத்த சீடன் நாகலிங்கம், ஆள் பயில்வான். "உனக்குப் பயந்த நெஞ்சு தாயி. அதான் மூச்சு நிக்கல. அடக்கு, சரியாப் போயிடும்" என்றான். அவளும் விடுவாளா? பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். ஒரு காலையில் எல்லார் முன்னாலும் மயங்கி விழுந்தாள். கண் திறந்தபோது மின்னி அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள்.

மடத்தின் குரு ஒரு பெண். எல்லாருக்கும் அவர் அம்மை. அன்றைக்கு அடுக்களையில் பூசைக்குப் பலகார மாவு பிசைந்துகொண்டிருந்தார். செங்கமலம் சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போனாள்.

"அம்மை, குழாய் குறுகிப்போச்சுன்னு டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விட்டுட்டு வந்து அடக்கிப் பாத்துட்டேன். என் நெஞ்சுக்குப் பலமே இல்லையா?"

அம்மை அவளுக்கு ஒரு மணையைத் தள்ளினார். வாசல் பக்கம் திரும்பி, "நாகலிங்கம், வந்து பிழிடா" என்றார்.

"இதுக்கு நான் வேணுமாக்கும்?" என்று சிரித்தபடி வந்தான். முறுக்கு அச்சில் தேன்குழல் தட்டு, பெரிய துளைகள். ஒரே அமுக்கு. மாவு வழுக்கிக்கொண்டு இலையில் விழுந்தது.

அம்மை தட்டை மாற்றினார். இப்போது ஓமப்பொடித் தட்டு, ஊசித் துளைகள். மீதி மாவில் ஒரு கை ஓமத்தை அப்படியே கொட்டினார்.

"ஐயோ அம்மை, ஓமத்தை அரைச்சு வடிகட்டலையே! துளை அடைக்குமே!" என்றாள் செங்கமலம்.

"அடைக்கட்டும். பிழிடா."

நாகலிங்கம் அமுக்கினான். புஜம் திரண்டது. நரம்பு புடைத்தது. மெல்லிய இழைகள் இறங்கின. ஒவ்வொரு துளையாக அடைய அடைய, இழைகள் குறைந்தன. அவன் இன்னும் அமுக்கினான். முகம் சிவந்தது. பிறகு கை நடுங்கத் தொடங்கியது.

கீழே போக வழியில்லாத மாவு, மேல்பக்கம் அவன் விரலிடுக்கில் பிதுங்கி வந்தது.

செங்கமலம் தன் வீங்கிய காலைப் பார்த்தாள்.

"இவன் கைக்குப் பலம் இல்லையா?" என்று கேட்டார் அம்மை.

"இருக்கு, அம்மை. துளைதான் சின்னது."

"பயந்த கையோ?"

நாகலிங்கம் மூச்சு வாங்கினான். "போதும் அம்மை. மானத்த வாங்காதீங்க."

"இவனை இன்னும் அழுத்தச் சொன்னா?"

"கை விட்டுடும்." சொல்லிவிட்டுத் தன் நெஞ்சில் கை வைத்தாள். "நானும் இதைத்தானே பண்ணினேன்?"

அம்மை அச்சைக் கவிழ்த்தார். ஓர் ஈர்க்குச்சியை எடுத்துத் துளைகளைக் குத்தினார். சில திறந்தன. பல திறக்கவில்லை. அச்சை அவனிடமே நீட்டினார். நடுங்கிய கைதான், அமுக்கியது. கொஞ்சம் இழை விழுந்தது.

"எல்லாத் துளையும் திறக்காதா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"இந்தக் குச்சிக்கு அவ்வளவுதான்."

"திறந்ததும் மறுபடி அடைக்குமா? சும்மா சமாதானம் சொல்லாதீங்க."

"அடைக்கும். திரும்பவும் குத்தணும். நாளைக்கும் குத்தணும்."

"எம்புள்ள வளர்ற வரைக்கும் நான் இருப்பேனா?"

"எனக்குத் தெரியாது."

செங்கமலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ எதுக்கு அம்மை குத்துறீங்க? எப்படியும் அடைக்கத்தானே போகுது?"

அம்மை குச்சியிலிருந்த மாவை வழித்துப் போட்டார்.

"அடைக்கிறது ஓமத்தோட வேலை. அதுக்கு நான் எதுக்கு ஒத்தாசை பண்ணணும்?"