சுமைதாங்கிக் கல்லடியில் நின்ற கழுதை

மலைக் கணவாயின் பழைய பாதையில் ஒரு கழுதை தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் செவத்தி. பக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். தலைச்சுமையோடு ஏறி வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் மூட்டையை இறக்கிவைக்க, ஆள் உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் பாவியிருந்தார்கள்.

செவத்தி லேசுப்பட்ட கழுதை அல்ல. உப்பு வியாபாரிகளின் கூட்டத்துக்கே முன்னால் நடந்த கழுதை. முன் கழுதைக்கு மட்டும்தான் கழுத்தில் மணி. அந்த ஓசையைக் கேட்டுத்தான் மற்றவை பின்னால் வரும். ஒருநாள் அதன் கால் பிசகிவிட்டது. வியாபாரிகள் அதன் மூட்டையை இந்தக் கல்லருகே இறக்கி, மற்றக் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டார்கள்.

"கால் ஆறட்டும். திரும்பி வரயில கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கால் ஆறியது. யாரும் வரவில்லை. பாதையில் புல் முளைத்தது. கோடை வந்து, அது தண்ணீர் குடித்துவந்த பக்கத்துச் சுனையும் வற்றிச் சேறானது. மூட்டை இறக்கிய இடத்தைவிட்டு, மறுபடி ஏற்றும்வரை நகரக் கூடாது என்று பழகிய கழுதை அது. நகரவில்லை. பேச்சுத்துணைக்கு ஒரு ஜீவன் இல்லை. சில சமயம் கழுத்தை ஆட்டித் தன் மணியைத் தானே கேட்டுக்கொள்ளும். ஓசை அடங்கியதும் முன்பைவிடத் தனிமையாக இருக்கும்.

ஒருநாள் ஒரு மைனா வந்து கல்லின்மேல் உட்கார்ந்தது.

"அடிவாரத்துல புதுசா ரோடு போட்டுட்டாங்க. சனமெல்லாம் அந்த வழியாத்தான் போவுது. தண்ணித் தொட்டிகூடக் கட்டியிருக்காங்க. இறங்கிப் போயிடு, இங்க நின்னா செத்துப்போவ."

"என் ஆளுங்க வருவாங்க. மணி எங்கிட்டல்ல இருக்கு? மணி இல்லாம கூட்டம் எப்படி நடக்கும்?" என்றது செவத்தி.

மைனா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பறந்துபோனது.

புதருக்குள் ஒரு நரி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. செவத்தி தாகத்தில் எப்போது விழும் என்று நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்த நரி. கழுதை இறங்கிவிட்டால் விருந்து போச்சே! அவசரமாக வெளியே வந்தது.

"அக்கா, அந்த வாயாடி பேச்சை நம்பாதீங்க. உங்க ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. இப்பத்தான் கீழ வளைவுல முன் கழுதையோட மணிச் சத்தம் கேட்டுச்சு!"

செவத்தியின் காதுகள் நிமிர்ந்தன. அப்புறம் மெல்லத் தொங்கின.

"முன் கழுதையோட மணியா?"

"ஆமாக்கா. என் காதால கேட்டேன்."

செவத்தி கழுத்தை ஆட்டித் தன் மணியைக் கேட்டுக்கொண்டது.

"நீ சொல்றது நிசம்னா, எனக்குப் பதிலா வேற கழுதைக்கு மணி கட்டியாச்சு. பொய்யின்னா, யாருமே வரல. எப்படிப் பார்த்தாலும் எனக்கு இங்க வேலை இல்ல."

செவத்தி அழுதது. அழுதுகொண்டே மலையிறங்கியது.

புது ரோட்டில் அதைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தொட்டியில் ஒரு வண்டிமாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அது செவத்தியைப் பார்த்துச் சற்றே ஒதுங்கி இடம் விட்டது.

"வெயில்ல வந்திருக்க. முதல்ல குடி" என்றது.

நம்மை மறந்துபோனவர்களுக்காகக் காத்து நின்று உயிரை விடுவதைவிட, மனம் வலித்தாலும் பிழைக்க வழியுள்ள பக்கம் நடப்பதே மேல்.